டி480-இலிருந்து டி480எஸ்-க்கு: எஸ்எஸ்டியை மட்டும் மாற்றினேன்

என் திங்க்பேட் டி480 லேப்டாப் மேசையிலிருந்து விழுந்து திரை உடைந்துவிட்டது. வெளி மானிட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதிலுக்குப் பழைய டி480எஸ் ஒன்றை வாங்கினேன். புதிதாக எதையும் நிறுவும் எண்ணமே இல்லை. விண்டோஸும் டெபியன் என்ற லினக்ஸும் இருக்கும் எஸ்எஸ்டியை (சேமிப்பு டிரைவை) அப்படியே எடுத்து இதில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டும் 2018-இல் வந்தவை, இரண்டிலும் இன்டெல் எட்டாம் தலைமுறை. ஆனால் எஸ்எஸ்டி உட்காரும் இடம் வேறு. டி480-இல் 2.5 அங்குல டிரைவுக்கான குழியில் ஓர் அடாப்டர், அதற்குள் சிறு அட்டை போன்ற என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. தரவு போகும் பாதைகள், அதாவது பிசிஐஇ லேன், இரண்டுதான். டி480எஸ்-இல் அந்த அட்டையை நேரடியாகச் செருக போர்டிலேயே எம்.2 2280 ஸ்லாட், நான்கு லேன். அதே எஸ்எஸ்டி பெரிய கோப்புகளை ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படித்தபோது அவ்வளவு மகிழ்ச்சி! உங்களிடம் இருப்பது 2.5 அங்குல சாட்டா (பழைய வகை இணைப்பு) டிரைவ் என்றால் இதில் அதற்கு இடமே கிடையாது.

பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி, மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டுண்டது; வேறு போர்டில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். நான் பிட்லாக்கரையே அணைத்து, குறியாக்கம் முழுக்க நீங்கும்வரை காத்திருந்தேன். எண்ணையும் தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு இரண்டு லேப்டாப்பிலும் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய் உள் பேட்டரியை முடக்கிவிட்டுத்தான் அடிமூடியைத் திறந்தேன்.

விண்டோஸ் சில நிமிடம் புதுச் சாதனங்களை அடையாளம் கண்டுகொண்டு எழுந்துவிட்டது. இந்தப் போர்டில் ஏற்கெனவே விண்டோஸ் ப்ரோ ஆக்டிவேட் ஆகியிருந்தது, என்னுடையதும் ப்ரோ. இணையம் கிடைத்ததும் உரிமம் தானாகச் சரியானது. விண்டோஸுக்குள் நுழையும் ஹலோ பின் எண் மட்டும் மறுபடி வைக்க வேண்டியிருந்தது. வேறு மாடல்களில் மாற்றுகிறவர்கள் பயாஸில் டிரைவை இயக்கும் முறையைக் கட்டாயம் பாருங்கள். ஒரு லேப்டாப்பில் ஏஎச்சிஐ, மற்றதில் ரெய்டு என்று முறை மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.

டெபியன்தான் வயிற்றைக் கலக்கியது. எதை ஏற்றுவது என்று கேட்கும் பூட் மெனுவில் அதன் பெயரே இல்லை. டிரைவில் எல்லாம் பத்திரமாக இருந்தது. பூட் பட்டியல் மட்டும் பழைய போர்டின் நினைவகத்திலேயே தங்கிவிட்டது. நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் யுஎஸ்பியில் ஏற்றி, பூட் பட்டியலைத் திருத்தும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் டெபியனைத் தொடங்கும் ஷிம் கோப்பைச் சேர்த்ததும் வந்துவிட்டது. டிரைவின் பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அவற்றின் தனி அடையாள எண்ணான யுயுஐடி எழுதியிருந்ததால் வேறெதையும் தொடவில்லை.

வாங்கும் முன் ரேமை விசாரியுங்கள். டி480-இல் இரண்டு ஸ்லாட். டி480எஸ்-இல் ஒன்றுதான், மீதி போர்டோடு பற்றவைத்தது. எனக்கு வந்ததில் 8 ஜிபி இருந்தது. பழைய 16 ஜிபியை ஸ்லாட்டில் போட்டு 24 ஆக்கிக்கொண்டேன்.