ஊசியா, ஜெல்லா, தொப்பையைக் குறைப்பதா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் அத்தானுக்கு 52 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு, நல்ல தொப்பையும் உண்டு. சோர்வாக இருக்கிறதென்று ரத்தம் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 240 என்று வந்திருக்கிறது. "ஊசி போட்டா சரியாவும்னு சொல்லுதானுவ மக்கா" என்றார்.

எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீங்க என்று கேட்டேன். பால் எடுத்து, ஷீட் அடித்து, சாயாவும் புரோட்டாவும் முடித்து, நண்பகல் 12 மணிக்காம்! இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டால் இறங்கும். 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு தடவை பார்த்து, இரண்டிலும் 300-க்குக் கீழே இருந்தால்தான் சிகிச்சைப் பேச்சே.

சரி, உண்மையிலேயே குறைவு என்றால்?

தினமும் தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைப் பற்றித்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், ஹார்மோன் குறைவும் இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்த்து மருந்து ஜெல் தடவியவர்களில் 7.0 சதவீதம், வெறும் ஜெல் தடவியவர்களில் 7.3. இந்த மருந்தால் மாரடைப்பு வருமோ என்ற பயம் ஓரளவு தெளிந்தது. ஆனால் திடீர் சிறுநீரகப் பாதிப்பு 1.5-க்குப் பதில் 2.3 சதவீதம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்பு 2.4-க்குப் பதில் 3.5. நுரையீரலில் ரத்தக்கட்டியும் கூடியது. சர்க்கரையால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இந்த வித்தியாசம் சின்னது என்று நான் சொல்லமாட்டேன். தவிர, ஜெல் தடவிய தோளில் பேரப்பிள்ளையைத் தூக்கினால் மருந்து பிள்ளைக்கும் ஒட்டும். தடவிய உடனே குளத்தில் இறங்கவும் முடியாது.

ஊசி சுலபம், தினமும் தடவும் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவதில் முதல் சில நாள் துள்ளல், அப்புறம் சரிவு. பெரிய சங்கடம், ரத்தம் கெட்டியாவது. 2021-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தொட்டது. வெற்று ஊசி பெற்றவர்களில் 1 சதவீதம்தான். சர்க்கரை குறைந்தது என்னவோ நிஜம். ஜெல்லில் கிடைத்த இதய முடிவை ஊசிக்கும் அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இரண்டுமே ஆகாது, விந்தணு விழுந்துவிடும்.

பெண் ஹார்மோன் இதயத்தைக் காக்கும் என்று நம்பி, 1960-களில் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆண்களுக்கே ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு கூடியதால் அதிக அளவு கொடுத்ததை 1970-இல் நிறுத்தினார்கள். ஹார்மோனில் ஒன்றில் கண்டதை இன்னொன்றுக்குப் பொருத்திக் கணக்குப் போடுவது ஆபத்துதான்.

தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். எடை இறங்கினால் அளவு தானே ஏறும், பிரஷரும் சிறுநீரகமும் சேர்ந்து பிழைக்கும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். தூக்கமும் இதில் சேர்த்தி. ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கிய இளைஞர்களுக்கே 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாம். அத்தான் எழுவது மூன்று மணிக்கு. படுப்பது டிவி சீரியல் முடிந்த பிறகு.

மழை பெய்து வெட்டு இல்லாத இரண்டு நாள் பார்த்து, காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தார். ஒரு நாள் 330, இன்னொரு நாள் 345. ஊசிப் பேச்சு நின்றது. தூக்கத்தைக் கெடுக்கும் குறட்டைக்குப் பரிசோதனை செய்யத்தான் இன்னும் வரமாட்டேன் என்கிறார்.