விசா, வரிசை, கச்சேரி: யாழ்ப்பாணம் போய் வந்தேன்

ஊருக்குப் போகத் தயாராகும் ரொறன்ரோ நண்பர்கள் முதலில் கேட்பது விசாவைத்தான். இப்போது அதில் சிக்கல் இல்லை. இ.ரி.ஏ. எனும் இணையவழிப் பயண அனுமதித் தளத்தில் விண்ணப்பித்து 50 டொலர் கட்டினேன், 30 நாள் அனுமதி கெதியாகவே வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் மறு பேச்சில்லாமல் முத்திரை குத்தி விட்டார்கள்.

ஆனால் நிலைமை இப்படிச் சீரானது அரசாங்கத்தின் புண்ணியத்தால் இல்லை. உள்ளூர்த் தொலைபேசி நிறுவனமான மொபிட்டெல் நடத்திவந்த இ.ரி.ஏ. முறையை நிறுத்திவிட்டு, 2024 ஏப்ரலில் விசா வேலையை ஜி.பி.எஸ்., ஐ.வி.எஸ்., வி.எஃப்.எஸ். குளோபல் என்ற வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் கொடுத்தார்கள். சேவைக் கட்டணங்களும் சேர, சுற்றுலா விசா 100 டொலரைத் தாண்டியது. மே தொடக்கத்தில் விமான நிலையத்தில் ஒருவர் கொதித்துப்போய்ச் சத்தம் போட்ட வீடியோ பரவியதும்தான் நாடே விழித்தது. அரசியல்வாதிகளான சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 2ஆம் திகதி புதிய ஏற்பாட்டுக்கு இடைக்காலத் தடை வந்தது. அதன் பிறகும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. கடைசியில் செப்டெம்பரில், நீதிமன்ற அவமதிப்புக்காக, குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே விளக்கமறியலுக்குப் போனார்.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்றுண்டு. அமைச்சரவை இருந்தது, பாராளுமன்றக் குழுக்கள் இருந்தன, கணக்காய்வாளர் நாயகம் இருந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன் இவர்களில் ஒருவராவது தடுத்திருக்க வேண்டும். பிடிபட்ட பிறகு நடக்கும் விசாரணையை மேற்பார்வை என்று சொல்ல முடியாது.

அதே ஆண்டு ஊரில் உள்ளவர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு. கொள்முதல் இழுபறி நீதிமன்றம் வரை போனது. கொழும்புக்குப் பக்கத்தில், தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லவில் சனம் இரவிரவாகத் தெருவில் படுத்துக் கிடந்து ரோக்கன் எடுத்தது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வவுனியா அலுவலகம், இல்லாவிட்டால் 400 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பு. வேலை விட்டு, லொட்ஜ் காசு கட்டி, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் சோறு என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் யோசித்திருப்பார்களா?

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலக) வளவில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்திருக்கிறார்கள். அக்காவின் மகளுக்காக அங்கே போனோம். தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே விளங்கப்படுத்தினார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். போர் முடிந்து 16 வருசம் கழித்து வந்த சேவை இது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கொள்கை என்று வரும்போது ஒரு விசயம் நெஞ்சைச் சுடுகிறது. 2025 மே மாதம், போர்க்காலத்தில் தமிழ்நாட்டுக்கு அகதியாகப் போன ஒரு முதியவர், ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கினார். முன்பு சட்டவிரோதமாக நாட்டை விட்டு வெளியேறியவர் என்று அவரைக் கைது செய்தார்கள். உயிரைக் காப்பாற்ற ஓடியவன் குடிவரவு அலுவலகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டா ஓடுவான்? பிறகு விட்டுவிட்டார்கள், சரி. ஆனால் திரும்பி வர நினைத்திருந்த எத்தனை பேர் அந்தச் செய்தியைக் கேட்டு முகாமிலேயே இருந்துவிட்டார்களோ.

அப்புறம், என் பிறப்புப் பதிவில் ஒரு திருத்தம். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. மேலிடத்துக் கடிதம் தனிச் சிங்களத்தில் வந்திருந்தது. மொழிபெயர்ப்பை நானே செய்து கொண்டு வர வேண்டுமாம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதைச் சொன்னதும், "நீங்கள் சொல்றது சரிதான் அண்ணை, ஆனா எங்களுக்கு வாறது இப்பிடித்தான், நாளைக்கு வாங்கோ" என்றார் அங்கே வேலை செய்யும் தம்பி. அவரில் எனக்குக் கோபமில்லை. யாரிடம் முறையிடுவது என்று கேட்டேன், அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். இலங்கைப் பிரஜைகள் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிங்களக் கடிதத்துக்குத் தமிழ்ப் பிரதி ஏன் இல்லை என்று அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊரில் உங்கள் ஆட்களும் இப்படி அலைந்தால் இந்த வழியைச் சொல்லிக் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.