மாலத்தீவின் ‘இமுகா’ பதிவு: நெதர்லாந்துக் கடவுச்சீட்டுடன் சென்ற அனுபவம்

நெதர்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் சுற்றுலாவுக்காக மாலத்தீவு செல்ல முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. வந்திறங்கியதும் 30 நாள் அனுமதியைக் கட்டணமின்றி வழங்குகிறார்கள். ஆனால், விமானம் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் ‘இமுகா’ என்ற இணையதளத்தில் பயணி அறிவிப்பை நிரப்பிவிட வேண்டும். திரும்பும்போதும் இதே வேலைதான்.

படிவம் எளிமையானது. கடவுச்சீட்டு எண்ணைத் தட்டும்போது மட்டும் நிதானம் வேண்டும்: வட்டமாகத் தெரிவது பூச்சியமா, ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தா என்று நானும் தயங்கினேன். நெதர்லாந்து எண்களில் அந்த எழுத்து வருவதே இல்லை என்பதால், அது பூச்சியம்தான். திருமணமான பெண்களின் கடவுச்சீட்டு விவரப் பக்கத்தில் ‘இ/வி’ (e/v, அதாவது ‘இன்னாரின் மனைவி’) என்ற குறிப்போடு கணவர் பெயரும் அச்சாகியிருக்கலாம். எனினும், பக்கத்தின் அடியிலுள்ள, இயந்திரம் படிப்பதற்கான வரிகளில் அப்பெயர் இராது, ஆகவே அவ்வரிகளில் உள்ளபடியே நிரப்புவது நல்லது. நெதர்லாந்து அடையாள அட்டை மாலத்தீவில் செல்லாது. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு தேவை.

என் ஒரே மனக்குறை இமுகாவைப் பற்றியதல்ல. தேடுபொறியில் முதலில் வந்த ஓர் இடைத்தரகுத் தளம், அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, இலவசப் படிவத்துக்குப் பணம் கேட்டது. அட்டை எண்ணைப் பாதி தட்டிய பிறகே சுதாரித்தேன். முகவரி ‘கவ் புள்ளி எம்வி’ (gov.mv) என்று முடிகிறதா எனப் பார்த்த பின்பே விவரங்களைக் கொடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் வாங்கும் மதுப்புட்டியையும் தவிர்த்துவிடுங்கள். மாலத்தீவுக்குள் மது கொண்டுசெல்லத் தடை உண்டு.