பிள்ளையைக் காட்ட மறுத்தால்: பஞ்சாயத்தா, நிறைவேற்றுதல் மனுவா (ஈ.பி.), அவமதிப்பு மனுவா?

மனைவியைப் பிரிந்து வாழும் அப்பா மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்கலாம் என்று குடும்ப நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. தேவகோட்டையில் மாமனார் வீட்டு முகப்பில் போய் நின்றால், "பிள்ளைக்குக் காய்ச்சல் மாப்பிள்ளை, அடுத்த வாரம் வாங்க" என்கிறார் ஆயா (பிள்ளையின் அம்மாவைப் பெற்ற பாட்டி). அடுத்த வாரம் டியூஷன். பிள்ளையார் நோன்புக்கு அப்பச்சி (அப்பா) வீட்டில் இழை (நோன்புத் திரி) எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவிலேயே இருந்தும், அன்றைக்குக் கதவில் பூட்டு. (தாய்க்கும் இந்தக் கதி வருவதுண்டு, சட்டம் ஒன்றுதான்.)

செட்டிநாட்டில் முதலில் போவது பெரியவர்களிடம். தப்பில்லை, செலவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர் ஒருவர் சொல்லி இறங்கி வந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் பேசி முடித்ததை எழுதிக் கையெழுத்து வாங்கி நீதிமன்றத்தில் பதிவு செய்யாவிட்டால், அடுத்த சண்டையில் அது வெறும் பேச்சு.

கோபத்தில் வருபவர் கேட்பது நீதிமன்ற அவமதிப்பு மனு. "உள்ளே தள்ளணும் சார்!" 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். வேண்டுமென்றே மீறினார் என்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு டாக்டர் சீட்டை நீட்டும், மனதார மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. போதாததற்கு, மீறல் நடந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்கியாக வேண்டும். பஞ்சாயத்துப் பேசியே அந்த ஓராண்டைக் கரைத்தவர்கள் நிறைய.

என் ஓட்டு ஈ.பி.க்குத்தான், அதாவது உத்தரவை நடத்தித் தரும்படி அந்தக் குடும்ப நீதிமன்றத்திலேயே போடும் நிறைவேற்றுதல் மனு. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, இந்த உத்தரவையும் சிவில் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். வாய்தாவுக்கு அலைச்சல் குறைவு, வழக்கின் கதை அந்த நீதிமன்றத்துக்கே தெரியும். பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தை நீதிமன்ற வளாகத்துக்கு மாற்றவும், தவறிய சனிக்கிழமைகளுக்கு ஈடாக வேறு நாள் தரவும் கூடவே கேட்கலாம். அவமதிப்பு மனு ஆளைத் தண்டிக்கும். பிள்ளையைக் கண்ணில் காட்டுவது ஈ.பி.தான்.

ஒரு நிபந்தனை: உத்தரவு கறாராக இருக்க வேண்டும். "விடுமுறையில் பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால் எந்த மனுவும் நிற்காது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று முதலில் திருத்தி வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்துக்குப் போய், "வாசலில் நிற்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு வரி போடுங்கள். வழக்குக்கு உதவும் எந்த ஆவணத்தையும் ஏற்க அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு குடும்ப நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. திட்டி அனுப்பிய செய்தியும் அப்படியே போய்ச் சேரும், ஜாக்கிரதை.

ஆட்கொணர்வு மனு (பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது) எல்லாருக்கும் பொருந்தாது. பிள்ளையைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்திருந்தால்தான் அது என்று 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உத்தரவை மீறித் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார் என்றால் யோசிக்கலாம்.

சிலர் இதில் எதற்கும் போகாமல் ஜீவனாம்சத்தை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளையைக் காட்டாதது அதற்குச் சாக்காகாது. பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 144ஆவது பிரிவில் வாரன்ட் வரும். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை போடலாம்.