பழனி பாதயாத்திரைக்கு கெஸிபோ டென்ட் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற குழுக்கள், முன்னால் போகும் வண்டியில் மடக்கு டென்ட் ஏற்றிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற வழியில் சத்திரமோ மண்டபமோ எல்லாக் குழுவுக்கும் கிடைத்துவிடாது. அதனால் மார்கழி பிறந்ததும் காரைக்குடிப் பக்கம் கெஸிபோ, கேனோபி என்று விற்கிற டென்டுக்குக் கிராக்கி ஏறிவிடுகிறது. அந்த அவசரத்தில்தான் மட்டமான சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள். எங்கள் குழுவுக்கு வாங்கிய இரண்டு டென்டும் அப்படி வந்தவைதான். கடைப் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயரில் ஆன்லைனிலும் ஓடுகிறது. ஒரு கடையைத் தவிர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடையில் சொன்னது: 10-க்கு 10 அடி, ஹெவி டியூட்டி, அலுமினிய ஃபிரேம், முழு வாட்டர்ப்ரூஃப், ஒன்று 8,500 ரூபாய். கொடுத்தது: சாய்கால் மாடல், பெயின்ட் அடித்த மெல்லிய இரும்பு, 210 டெனியர் துணி. சொன்ன நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை.

முதலில் அளவு. ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். சாய்கால் டென்டில் நான்கு கால்களும் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். தரையில் காலுக்குக் கால் அளந்தால் 10 அடி சரியாக இருக்கும். ஆனால் மேலே துணி 8-க்கு 8 அடிதான். 100 சதுர அடிக்குப் பணம் வாங்கிக்கொண்டு 64 சதுர அடி நிழல் தருகிறார்கள். ஆளுக்கு இரண்டடி அகலம் என்று ஐந்து பேருக்குப் பாய் விரித்தால் ஐந்தாவது ஆள் தை மாதப் பனியில்தான் படுக்க வேண்டும். கடையில் டென்டை முழுதாக விரித்து நிறுத்தச் சொல்லுங்கள். டேப்பைத் தரையில் வைக்காமல், மேலே துணியின் விளிம்பில் மூலைக்கு மூலை பிடித்து அளந்து பாருங்கள். கால் நேராக, செங்குத்தாக நிற்கிற மாடலில் மட்டும்தான் கீழ் அளவும் மேல் அளவும் ஒன்றாக இருக்கும். "விரித்துக் காட்ட இடமில்லை" என்று சொல்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

அலுமினியமா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. இரும்பு கெட்டது என்று சொல்லவில்லை. கனமான இரும்பு ஃபிரேம் நன்றாகவே நிற்கும், துருவைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் அடியைக் கழற்றி, குழாயின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். தகரம் மாதிரி அரை மில்லிமீட்டர் சொச்சம் இருந்தால் வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எடையும் காட்டிக்கொடுத்துவிடும். 10-க்கு 10 இரும்பு டென்ட் 12 கிலோவில் அடங்குகிறது என்றால் அது பீச்சில் அரைநாள் நிழலுக்குச் செய்தது. தினம் பிரித்து, தினம் மடக்கி, வண்டியில் குலுங்கி வர வேண்டுமானால் 20 கிலோவாவது இருக்க வேண்டும்.

எங்களுடையதில் முதலில் போனது மூட்டு. மேலே கத்தரிக்கோல் போல மடங்குகிற பட்டைகளைக் காலோடு பிணைப்பது ஒரு பிராக்கெட். அதில் ஒரு போல்ட் ஓடும். நல்ல டென்டில் அது தடித்த நைலானாகவோ வார்ப்பு அலுமினியமாகவோ இருக்கும். மட்டமானதில் உள்ளே கூடாக இருக்கிற பிளாஸ்டிக். போல்ட் ஓட்டையைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தால் அது விரிசலின் ஆரம்பம், அடுத்த இழுப்பில் உடையும். கடையில் வைத்திருக்கிற டிஸ்ப்ளே டென்டிலேயே இந்தக் கோட்டைப் பார்க்கலாம். விரிக்கும்போது ஒரே ஆள் ஒரு மூலையைப் பிடித்து இழுப்பதால்தான் பெரும்பாலும் உடைகிறது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு பேர், முடிந்தால் நான்கு பேர் நின்று ஒரே நேரத்தில் பின்னால் நடக்க வேண்டும். வாங்கும்போதே நான்கு பிராக்கெட், இரண்டு பட்டை ஸ்பேர் கேளுங்கள். "ஸ்பேர் வராது சார், புதுசுதான் வாங்கணும்" என்று பதில் வந்தால் அந்த மாடல் வேண்டாம்.

துணியில் டெனியர் என்பது நூலின் கனம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். 210 வெயிலுக்கு மட்டும் ஆகும். இரவுத் தங்கலுக்கு 420, முடிந்தால் 600. வாட்டர்ப்ரூஃப் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் தையலைப் பாருங்கள். துணியை வெயிலுக்கு எதிரே பிடித்தால் தையல் ஓரம் ஊசி ஓட்டைகள் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டும். உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தால் காட்டாது. தையல்மேல் ஒரு டம்ளர் தண்ணீரைத் தேக்கிப் பத்து நிமிடம் பாருங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் அது வெறும் நிழல் துணி. ஒரு விஷயத்தில் கடைக்காரர்மேல் தப்பில்லை. தை மாத விடியலில் நல்ல துணியின் அடியிலும் நீர் கோக்கும். உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு ஈரம்தான் குளிர்ந்த துணியில் படிகிறது. பக்கத் திரைகளில் இரண்டையாவது திறந்து வைத்தால் குறையும்.

அடுத்து ஆணி. டென்டோடு வருகிற ஒரு சாண் கம்பி ஆணி நம் ஊர் மண்ணுக்கு எதற்கும் ஆகாது. செம்பொறைத் தரையில் இரண்டு தடவை அடித்தாலே வளைந்துவிடும், காய்ந்த கண்மாய் உள்வாயில் கையாலேயே பிடுங்கி எடுக்கலாம். ஒன்றரையடி நீளத்தில் 12 மி.மீ. கட்டடக் கம்பியை வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறு முனையைக் கொக்கியாக வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். தலை டென்டுக்கு எதிர்ப்புறம் சாயும்படி அடிக்க வேண்டும். கயிற்றைக் காலின் உச்சியிலிருந்து சரிவாக இழுத்துக் கட்டுங்கள். தார் ரோட்டோரத்தில் ஆணி இறங்காது, அங்கே எடைதான். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ விசையோடு தள்ளும். 10-க்கு 10 பரப்புக்கு அது 55 கிலோ. காற்று ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும். ஆகவே காலுக்கு 20 கிலோ என்பது குறைந்தபட்சம். தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன் காலுக்கு ஒன்று, அல்லது சிமென்ட் சாக்கில் பாதி மணல். தொங்கவிட்டால் ஆடும், காலோடு இறுக்கிக் கட்ட வேண்டும். பலத்த காற்று வந்தால் டென்டைக் காப்பாற்ற யாரும் காலைப் பிடித்துத் தொங்காதீர்கள். துணியைக் கழற்றுங்கள் அல்லது மடக்கிவிடுங்கள்.

பங்குனி, சித்திரைத் திருவிழாவுக்கும் இதே டென்டைப் போடுகிறவர்கள் கோடை மழையைக் கணக்கில் வைக்க வேண்டும். துணி தொய்ந்த இடத்தில் ஒரு மீட்டர் சதுரத்தில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 50 கிலோ. பட்டை வளைவது இதனால்தான்.

கூரைக்கடியில் அடுப்பு கூடவே கூடாது. பாலியஸ்டர் உருகிச் சொட்டும், சொட்டினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சீரியல் செட் வயரை இரும்புக் காலில் சுற்றாதீர்கள். வயர் தோல் உரிந்த இடம் காலைத் தொட்டால் டென்ட் முழுக்க கரண்ட். மின் கம்பிக்கு அடியிலும் பனை மரத்தடியிலும் போட வேண்டாம்.

வாங்கும்போது பில் கட்டாயம். பில்லில் "டென்ட் 1" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். மேல் அளவு, ஃபிரேம் உலோகம், டெனியர், வாட்டர்ப்ரூஃப் என்று நான்கையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பில்லில் இவை இல்லாததைக் காட்டித்தான் கடைக்காரர் பேச்சை மாற்றினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. திரும்பக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. எனவே தைப்பூசத்துக்கு முதல் வாரம் வாங்கிக் கட்டோடு வைக்காமல், வாங்கிய அன்றே விரித்துப் பார்த்து, குறை இருந்தால் அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உடைந்த பிராக்கெட்டைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். டேப்பை மேல் விளிம்பில் பிடித்து, எண் தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.