மசாஜ் நாற்காலி வாங்கும் முன் சீட்டின் மேல் கையை அழுத்திப் பாருங்கள்

கும்பகோணத்தில் ஒரு பொருட்காட்சி ஸ்டாலில் அப்பா அம்மாவுக்காக சாயும் மசாஜ் நாற்காலி ஒன்று வாங்கினோம். விலை 1,65,000 ரூபாய். சொன்னது ஒன்று, வீட்டில் வந்து இறங்கியது வேறு. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரைப் போடவில்லை. ஆனால் எதில் ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடலாம்.

பெரிய பொய் 'எல் டிராக்'. இந்த நாற்காலிகளில் முதுகுக்குப் பின்னால் ரோலர்கள் ஏறி இறங்க ஒரு தண்டவாளம் இருக்கும். முதுகெலும்பின் வளைவை ஒட்டி வளைந்து, கழுத்திலிருந்து இடுப்போடு நின்றுவிட்டால் அது எஸ் டிராக். அங்கே நிற்காமல் சீட்டுக்கு அடியிலும் வளைந்து தொடை பக்கம் வரை ஓடினால் எல் டிராக். அப்பா வாழ்நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்தவர், வலியெல்லாம் இடுப்புக்குக் கீழேதான். அதனாலேயே எல் டிராக் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். வந்த நாற்காலியில் சீட்டுக்கு அடியில் ரோலரே கிடையாது. காற்றுப்பையும் ஒரு அதிர்வு மோட்டாரும்தான். நாற்காலி ஓடும்போது சீட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாலே தெரிந்துவிடும்: ரோலர் என்றால் கட்டியாக உருண்டு நகரும், மற்றது வெறுமனே நடுங்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. எல் டிராக்கில் தண்டவாளம் முதுகையும் சீட்டையும் சேர்த்து ஓடுவதால், பெரும்பாலான மாடல்களில் முதுகுப் பக்கம் மட்டும் தனியாகத் தட்டையாகப் படுக்காது. ஸ்டாலில் அவர்கள் பெருமையாகப் படுக்கவைத்துக் காட்டியதே அதைத்தான்!

'3டி' என்பதும் அப்படியே. 2டி ரோலர் மேலும் கீழும், இடமும் வலமும் போகும். 3டி என்றால் உடம்பை நோக்கி முன்னால் வந்து அழுத்தவும் வேண்டும், எவ்வளவு அழுத்தலாம் என்று கூட்டிக் குறைக்க ரிமோட்டில் வழி இருக்க வேண்டும். எங்கள் ரிமோட்டில் வேகத்துக்குப் பொத்தான் உண்டு, அழுத்தத்துக்கு இல்லை.

அப்புறம் 'ஜீரோ கிராவிட்டி'. 1973-74இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்களின் உடம்பு எடையில்லாத நிலையில் தானாக எந்த வாகில் தளர்கிறது என்று நாசா கவனித்தது. உடலுக்கும் தொடைக்கும் நடுவே சுமார் 128 டிகிரி. நாற்காலிக்காரர்கள் சொல்லும் ஜீரோ கிராவிட்டி அதைக் காட்டித்தான். அதற்கு முதுகு சாயும்போது சீட்டின் முன்பக்கமும் உயர வேண்டும். எங்களுடையதில் சீட் அசையவே அசையாது. முதுகு சாயும், கால் பலகை தூக்கும், உட்கார்ந்தவர் மெல்ல முன்னால் வழுக்கி வருவார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. "கரண்ட் போனா தானா நிமிந்துடும் ஐயா" என்று விற்பனைப் பையன் அப்பாவிடம் சொன்னான். சாய்ப்பது திருகுத் தண்டு பொருத்திய மோட்டார். மின்சாரம் நின்றால் திருகு அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் ஆள் கனத்துக்கு முதுகு பொத்தென்று விழுந்துவிடும் என்பதால் அந்த அமைப்பு சரிதான். அந்தப் பேச்சுதான் பொய். ஒரு மத்தியானம் கரண்ட் போய், அப்பா காலைத் தூக்கியபடியே மாட்டிக்கொண்டார். தம்பியும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் வந்து இறக்கினார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அம்மா கதை வேறு. நல்ல நாற்காலி தொடங்கும்போது ரோலரை மேலே ஓட்டி, தோள் எங்கே முடிகிறது என்று அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். இதில் 'ஸ்கேன்' என்று விளக்கு மினுங்கியதோடு சரி. அம்மா குள்ளம், ரோலர் நேராகப் பிடரியில் போய் இடித்தது. அண்ணி சீட்டில் தலையணை போட்டு உயர்த்திப் பார்த்தாள், அப்போது கால் எட்டவில்லை. பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் பிரித்தால் 160 முதல் 185 செ.மீ. உயரத்துக்கு என்று போட்டிருக்கிறது. எலும்பு பலவீனமானவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள் உட்காரக் கூடாது என்றும் இருக்கிறது. பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை யாரும் காட்டவில்லை.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். சுவரை ஒட்டிப் போடலாம் என்று விற்கும் நாற்காலி சாயும்போது முன்னால் நகர்ந்து வர வேண்டும். இது நேராகப் பின்னால் சாய்கிறது, இரண்டடி விட வேண்டியிருக்கிறது. ரேழி வழியாக உள்ளே கொண்டுவர முடியாமல் கைகளைக் கழற்றினார்கள். இப்போது கூடத்தில் பாதி வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

பில்லில் 'மசாஜ் சேர் 1' என்று மட்டும் இருக்கிறது, மாடல் எண் இல்லை. எல் டிராக், 3டி என்று வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். விற்றவர் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிடுங்கள்.

நாங்கள் 1915இல் பதிந்த பிறகுதான் அவர்கள் போனையே எடுத்தார்கள். பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதையும் எழுத்தில் தரச் சொன்னோம், தரவில்லை. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.