சியென்டாவா, ஃப்ரீடா: மூன்றாம் வரிசையை எங்கே மடக்குவது?

டொயோட்டா சியென்டாவையும் ஹோண்டா ஃப்ரீடையும் அருகருகே நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய நாலேகால் மீட்டர் நீளம், 1,695 மி.மீ. அகலம், 1.5 லிட்டர் எஞ்சின், இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு, மூன்று வரிசை சீட். நாங்கள் ஏற்கெனவே ஓடிய வண்டியைத்தான் தேடினோம். அதனால் நான் ஒப்பிட்டது 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை சியென்டாவையும் 2016இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃப்ரீடையும். கடைசியில் வாங்கியது ஆறு சீட் பெட்ரோல் ஃப்ரீட். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

எளிதில் சொல்லக்கூடியதை முதலில் முடித்துவிடலாம். நகருக்குள் ஓட்ட இரண்டும் சுலபம். மேட்டில் ஆள் நிறைய ஏற்றினால் இரண்டு எஞ்சினும் முனகும். தளம் தாழ்வாக இருப்பதால் குழந்தையும் வயதானவர்களும் சிரமமில்லாமல் ஏறலாம். ஸ்லைடிங் கதவின் அருமை நெருக்கமான பார்க்கிங்கில்தான் தெரியும். ஆனால் அது இரண்டிலும் இருப்பதால் முடிவெடுக்க உதவாது.

முடிவெடுக்க வைத்தது மூன்றாம் வரிசை மடங்கும் விதம். விளம்பரப் படங்களில் இரண்டுமே அழகாக மடங்கும். அந்தப் படங்களில் நடு வரிசையில் சைல்ட் சீட் இருக்காது என்பதுதான் விஷயம்.

சியென்டாவில் மூன்றாம் வரிசை நடு வரிசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. இடம் மிச்சப்படுத்துவதில் இதை அடிக்க ஆளில்லை: பின்னால் தட்டையான தரை, சுவரோரம் எதுவும் தொங்காது, கண்ணாடியும் மறைக்காது. சிறியதோ பெரியதோ, ஒரு சைக்கிளை ஏற்ற வேண்டுமென்றால் சியென்டாதான். ஆனால் அப்படி ஒளித்து வைக்கவும், திரும்ப வெளியே எடுக்கவும், முதலில் நடு வரிசை சீட்டை முன்னால் உருட்டிக் கவிழ்க்க வேண்டும். அந்த சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் சைல்ட் சீட் மாட்டியிருந்தால் கவிழ்க்க முடியாது. சைல்ட் சீட்டைக் கழற்றி, வெளியே வைத்து, சீட்டைக் கவிழ்த்து, மூன்றாம் வரிசையை எடுத்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர் திடீரென்று கூட வருகிறார்கள் என்றால் வாசலில் இந்தக் கூத்து நடக்கும். மாட்டாத பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஒரு குழந்தை என்றால் அது போதும். இரண்டு குழந்தைகள், இரண்டு சைல்ட் சீட் என்றால் மூன்றாம் வரிசை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஃப்ரீடில் மூன்றாம் வரிசை இரண்டாகப் பிரிந்து பக்கச் சுவரோடு மேலே தூக்கி நிற்கும். நடு வரிசையைத் தொடவே வேண்டாம். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே டிக்கியைத் திறந்து ஒரு சீட்டை இறக்கலாம், இன்னொன்றை மேலேயே விட்டு அந்தப் பக்கம் தள்ளுவண்டியை வைக்கலாம். ஆறு சீட் வகையில் இன்னொரு வசதி: நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட், நடுவே ஒரு சந்து. இரண்டிலும் சைல்ட் சீட் இருந்தாலும் அந்தச் சந்து வழியாகப் பின்வரிசைக்குப் போய்விடலாம். மழை நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்தே குழந்தைக்கு பெல்ட் போடலாம். ஏழு சீட் ஃப்ரீடில் இந்தச் சந்து கிடையாது. என்னைக் கேட்டால் அதை எடுப்பதற்கு ஒரு சீட் அதிகம் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

இதற்கு விலையும் உண்டு. தூக்கிய சீட்கள் டிக்கியின் அகலத்தைத் தின்றுவிடும். பின்பக்கச் சின்னக் கண்ணாடியையும் மறைக்கும், ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் அந்த மூலை தெரியாது. தூக்குவதற்குக் கையில் கொஞ்சம் தெம்பும் வேண்டும். 2024இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இந்த சீட்டை இலகுவாக்கி, மெலிதாக்கியிருக்கிறார்கள். 2022இன் புது சியென்டாவோ அதே பழைய ஒளிந்துகொள்ளும் முறையில்தான் இருக்கிறது.

மைலேஜில் ஃப்ரீட் தோற்கிறது, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. 2022இன் புது சியென்டா ஹைப்ரிட்டுக்கு (நான் ஒப்பிட்ட பழைய தலைமுறை அல்ல) டபிள்யூஎல்டிசி என்ற மைலேஜ் சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 28 கி.மீ.க்கு மேல் சொல்கிறார்கள். இரண்டாம் தலைமுறை ஃப்ரீட் ஹைப்ரிட் 21 அளவில் நிற்கிறது, பெட்ரோல் 17. நிஜச் சாலையில் எல்லாமே குறையும், இடைவெளி மட்டும் இருந்துகொண்டே இருக்கும். தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் நான் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு சியென்டா ஹைப்ரிட்டையே பார்க்கலாம்.

சரி, அப்படியானால் ஃப்ரீட் ஹைப்ரிட்டை ஏன் எடுக்கவில்லை? அதில் இருப்பது ஏழு கியர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். 2013இல் வந்த ஹோண்டாவின் சின்ன கார் ஃபிட் ஹைப்ரிட்டில் இதே வகை கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக வண்டிகளைப் பலமுறை திரும்ப அழைத்தார்கள். ஃப்ரீடுக்கு வருவதற்குள் திருத்தங்கள் நடந்துவிட்டன, ஆனாலும் பழைய வண்டியில் கிளட்ச் தேய்மானத்தை நான் சுமக்க விரும்பவில்லை. டொயோட்டா ஹைப்ரிட்டில் தேயக்கூடிய கிளட்ச் கிடையாது, பல்சக்கரத் தொகுதி ஒன்றுதான். பெட்ரோல் ஃப்ரீடில் சிவிடி, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதற்கென்று உள்ள எச்சிஎஃப்-2 எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் பெரிதாகத் தொந்தரவு இருக்காது என்று நம்பித்தான் எடுத்தேன். இதுவரை நம்பிக்கை வீண்போகவில்லை, ஆனால் நெடுநாள் பராமரிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நாங்கள் இன்னும் ஓட்டவில்லை. மறுவிற்பனை விலையையும் அதனால்தான் தொடவில்லை.

பார்க்கப் போகும்போது உங்கள் சைல்ட் சீட்டையும் கையோடு எடுத்துப் போய் மாட்டுங்கள். அதை மாட்டிய பிறகு மூன்றாம் வரிசையை நீங்களே ஒருமுறை மடக்கி விரியுங்கள், விற்பவரைச் செய்யவிடாதீர்கள். அப்புறம், ஆறாவது ஆள் எப்போதாவது விசேஷத்துக்குத்தான் வருவார் என்றால் மூன்றாம் வரிசையே வேண்டாம்: இரண்டிலும் ஐந்து சீட் வகை இருக்கிறது, டிக்கி தாராளம்.